அலர் வதந்தி அன்று

சங்கப் பாடலை வகுப்பில் நடத்தும்போது ‘அலர்’ என்ற சொல் வந்தால், ‘வதந்தி’ என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் சொன்னேன். அது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். வதந்தி, உண்மையா பொய்யா என்று உறுதிப்படாத பேச்சு. அலரிலோ பேசப்படும் செய்தி மெய். தலைவியின் களவு, அதாவது மறைவான காதல், நடந்திருக்கிறது. ஊர் பேசுவது அதைத்தான்.

களவை வெளிப்படுத்துபவையாகத் தொல்காப்பியம் அம்பலையும் அலரையும் சேர்த்தே சொல்கிறது. உரையாசிரியர்கள் இரண்டையும் பிரிக்கிறார்கள்: அம்பல் முகிழ்நிலை, அலர் விரிந்த நிலை. சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். இன்னாள், இன்னான் என்று பலரும் வெளிப்படப் பேசுவது அலர். அலர்தல் என்றால் மலர்தல் அல்லவா? பேச்சு எவ்வளவு விரிந்தது என்பதே இங்கே அளவுகோல். மெய்யா பொய்யா என்ற கேள்விக்கே இடமில்லை.

‘புறங்கூறல்’ என்ற சொல்லும் இப்படித்தான். அதன் குற்றம் பேச்சு நிகழும் இடத்தில் இருக்கிறது: ஒருவரது முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே கண்ணோட்டமின்றிப் பேசினாலும் பேசலாம், ஆள் இல்லாதபோது பேசாதே என்பது வள்ளுவர் நிலை. அதைச் சொல்லும் குறளின் 19ஆம் அதிகாரத்தில் ‘பொய்த்து’ என்ற சொல் வருகிறதே என்று கேட்கலாம். உரையாசிரியர் பரிமேலழகர் அதற்கு, காணாதபோது இகழ்ந்துவிட்டுக் கண்டபோது இனியவன்போல நடிப்பது என்றே பொருள் கொள்கிறார். பொய் நடத்தையில் இருக்கிறது, செய்தியில் இல்லை. ‘கோள்’ என்பதும் செய்தியின் தன்மையைவிட, இருவரைப் பிரிக்கும் நோக்கத்தையே சுட்டுகிறது.

‘வதந்தி’ வடமொழியில் ‘சொல்கிறார்கள்’ என்னும் வினையிலிருந்து வந்தது. சொல்பவர் யார் என்பது அந்தச் சொல்லிலேயே இல்லை. ஆள் தெரியாத பேச்சு என்றால் நம்பலாமா என்ற ஐயமும் கூடவே வந்துவிடும். ‘புரளி’ இன்னும் ஒருபடி மேலே போய், பொய் என்றே தீர்ப்பளித்துவிடுகிறது. வெடிகுண்டுப் புரளி என்று நாளிதழ்கள் எழுதுவது அதனால்தான்.

அலரும் மிகைப்படுத்தும் பேச்சுதானே என்று ஒரு மறுப்பு எழலாம். குறுந்தொகை 393இல் பரணர் பாடலில் தோழி, தலைவன் தழுவிய நாள்கள் சிலவே, அலரோ வாகைப் போர்க்களத்தில் அதிகன் யானையோடு விழுந்த அன்று கொங்கர் எழுப்பிய ஆரவாரத்தைவிடப் பெரிது என்கிறாள். கூர்ந்து பார்த்தால், அவள் முறையிடுவது ஓசையின் பருமனைப் பற்றி. தழுவியதை அவள் மறுக்கவில்லை.

நற்றிணை 149இல் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. தெருவில் பெண்கள் சிலராகவும் பலராகவும் கூடி நிற்கிறார்கள். கடைக்கண்ணால் பார்க்கிறார்கள், மூக்கின் நுனியில் சுட்டுவிரலை வைக்கிறார்கள். இன்றும் நம் தெருக்களில் காணக்கூடிய அதே சைகை. பாடிய உலோச்சனார் இந்த இடத்தில் ‘அம்பல்’ என்கிறார். தாய் சிறு கோலால் அடிக்கிறாள். அப்போதும் பாடலில் பேசுபவள் ‘அது பொய்’ என்று ஒரு சொல் சொல்வதில்லை. நள்ளிரவில் தேரில் வருபவனோடு போய்விடத் துணிகிறாள். பாடல் முடியும் இடத்தில் ‘அம்பல்’ போய் ‘அலர்’ வந்துவிடுகிறது. அதைச் சுமந்துகொண்டு கிடக்கட்டும் என்று ஊரை விட்டுவிடுகிறாள்.