மெக்சிகோவும் மரச்சீனியும்

"தோப்ப வித்துட்டு மெக்சிகோ போலாம்னு பாக்கேன் தம்பி" என்றார் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர். மனைவிக்குப் புற்றுநோய். அங்கே 'வைட்டமின் பி17' தருவார்களாம்.

தேடிப் படித்தேன். அதன் பெயர் லேட்ரைல், வைட்டமினே அல்ல. வயிற்றுக்குள் போனால் சயனைடு வரும். மரச்சீனியில் இருப்பதும் இதே வகைப் பொருள்தான். நம்மூரில் கிழங்கு அவித்த தண்ணியை வடித்துக் கொட்டுவது அதனால்தான்.

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் 1980இல் மெக்சிகோவில் எடுத்துக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று. அதே நவம்பரில் அங்கேயே இறந்தார். 1982இல் அமெரிக்காவில் 178 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியானது: பலனில்லை, சிலர் ரத்தத்தில் ஆபத்தான அளவு சயனைடு.

இங்கே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933லேயே லான்செட் இதழில் எழுதியிருக்கிறார். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. 1981லிருந்து பஸ் தூரத்தில் இருக்கிறது.

"மொதல்ல அங்க போவோம் அண்ணாச்சி, நானும் வாரேன்" என்றேன். தோப்பு இன்னும் விற்கவில்லை.