அரங்கநாதன், சீ. இரா. (1892–1972)

இந்திய நூலகவியலின் தந்தை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். சீர்காழியில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய இடங்களின் அரசுக் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்தார்.

1924-இல் நூலகரானபோது, வேலையின்றி உட்கார்ந்திருப்பது பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்ப எண்ணினார். பயிற்சிக்காக லண்டன் சென்றது அவர் மனத்தை மாற்றியது. அங்கு ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில தகடுகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் புதுப்புது பொம்மைகள் கிடைத்தன. நூல்களின் பொருள்கூறுகளையும் அப்படியே இணைக்கலாம் என்ற எண்ணம், நூல்களை வகைப்படுத்தும் 'கோலன் பகுப்பு முறை'யாக 1933-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1931-இல், நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக்கியிருந்தார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பது முதல் விதி.

1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக உழைத்தார். அவருடைய நெடுநாள் முயற்சி, கொங்கு நாட்டவரான தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டமாகக் கனிந்தது. இந்திய மாகாணங்களில் இத்தகைய சட்டம் இதுவே முதல். இன்று கோயம்புத்தூரை அடுத்த தொண்டாமுத்தூரில் வீட்டு வரி கட்டுபவர் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் செலுத்துவது இச்சட்டத்தின் வழியே.

1957-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1962-இல் பெங்களூரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். அவர் நினைவாகவே ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.