வார்ஃபரின்

இரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மாத்திரை. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு நன்கு பழகிய பெயர். கிரேக்கமோ லத்தீனோ என்று வேர் தேட வேண்டாம்: 'விஸ்கான்சின் அலும்னி ரிசர்ச் ஃபவுண்டேஷன்' என்ற அமெரிக்க அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகள் நான்கும் சேர்ந்து 'வார்ஃப்'. பின்னொட்டான 'அரின்' கூமரின் என்ற வேதிப்பொருளிலிருந்து எடுத்தது. கூமரினோ, தென் அமெரிக்கப் பழங்குடிகள் டோங்கா மரத்தை அழைத்த பெயரின் திரிபு.

1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன இனிப்பு குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தப்போக்கு நிற்காமல் செத்தன. பூஞ்சை பிடித்தால் அதிலுள்ள கூமரின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் டைகூமராலாக மாறிவிடுகிறது என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க் குழு பின்னர் கண்டறிந்தது. அந்த மூலக்கூறின் அமைப்பை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவற்றில் ஒன்றுதான் வார்ஃபரின். 1948இல் அது விற்பனைக்கு வந்தது எலிகளைக் கொல்ல. மனிதருக்கு அனுமதி கிடைத்தது 1954இல். நஞ்சை 'எலி மருந்து' என்னும் நம் வழக்கு இங்கே மட்டும் மெய்யாகிவிட்டது!

இது வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்தே பலன் தருகிறது. ஆகவே இதை உட்கொள்பவர்கள் வைட்டமின் கே நிறைந்த கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.