ஊதிய உச்சவரம்பு (என்பிஏ கூடைப்பந்து)

என்பிஏ லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்துக்குத் தன் ஆட்டக்காரர்களுக்குத் தரக்கூடிய மொத்த ஊதியத்தின் எல்லை. பணக்கார அணிகள் நட்சத்திரங்களையெல்லாம் வளைத்துப்போடாமல் தடுப்பதே நோக்கம் என்பார்கள். உரிமையாளர்களின் செலவைக் கட்டுக்குள் வைப்பதும் அதற்குக் குறையாத நோக்கம்.

லீக்கின் முன்னோடியான பிஏஏ தன் முதல் பருவத்திலேயே (1946-47) அணிக்கு 55,000 டாலர் என வரம்பு வைத்து, அடுத்த ஆண்டே கைவிட்டது. பிறகு வெகுகாலம் அதற்குத் தேவை எழவில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரைப் பழைய அணியோடு கட்டிப்போட்ட விதியே ஊதியத்தை அமுக்கி வைத்திருந்தது. ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் சமரசமாக முடிந்தபோது அந்தப் பிடி தளர்ந்தது. ஊதியம் ஏறியது, சில அணிகள் மூடும் நிலைக்கு வந்தன. 1983இல் ஆட்டக்காரர் சங்கம் இறங்கிவந்தது: வருவாயில் 53 விழுக்காடு தங்களுக்கு, பதிலுக்கு வரம்பு. 1984-85இல் அது 36 லட்சம் டாலர்.

வரம்போடு ஓட்டையும் பிறந்தது. தன் சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ள ஓர் அணி எல்லையைத் தாண்டலாம். பாஸ்டனின் லாரி பேர்ட் பெயரால் இச்சலுகை வழங்குகிறது. 1997-98இல் அணிக்கான வரம்பு 2.69 கோடி டாலர். மைக்கேல் ஜோர்டான் ஒருவரே 3.31 கோடி வாங்கினார்! சமநிலையும் வந்தபாடில்லை. வரம்பு வந்தபின் நடந்த முதல் 14 பருவங்களில் கோப்பையை வென்றவை ஐந்தே அணிகள். காரணம் ஆட்டத்திலேயே இருக்கிறது. களத்தில் நிற்பவர்கள் ஐவர்தான். தலைசிறந்தவர் 48 நிமிடத்தில் பெரும்பகுதி ஆடுவார். அப்படி ஒருவர் கிடைத்த அணியைப் பணக்கணக்கால் எட்டிப்பிடிப்பது கடினம்.

1998-99 பருவத்தை உரிமையாளர்களின் கதவடைப்பு 50 ஆட்டங்களாகச் சுருக்கியது. அதன் முடிவில் தனியாளின் ஊதியத்துக்கும் உச்சம் வைத்தார்கள். இது எதிர்விளைவையே தந்தது எனலாம்: நட்சத்திரத்தின் விலை அவர் மதிப்புக்கும் கீழே நின்றதால், இருவர் மூவரை ஓரணியில் சேர்ப்பது எளிதாயிற்று. 2010இல் மயாமி அதைத்தான் செய்தது. 2016இல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வரம்பை ஒரே தாவலில் 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்குத் தூக்கியது. முந்தைய பருவத்தில் 73 ஆட்டங்களை வென்ற கோல்டன் ஸ்டேட், கெவின் டுரான்டையும் சேர்த்துக்கொண்டு அடுத்த இரு கோப்பைகளையும் அள்ளியது.

2002-03இலிருந்து, வரம்புக்கும் மேலே வைத்த இன்னோர் அளவைத் தாண்டினால் சொகுசு வரி உண்டு. 2011 கதவடைப்புக்குப் பின் அது கடுமையாயிற்று. ஆனால் கோடீஸ்வர உரிமையாளர்கள் வரியைக் கட்டிவிட்டுப் போனார்கள். 2023 ஒப்பந்தம்தான் வேறு வழி பிடித்தது: வரி அளவுக்கும் மேலே வகுத்த ஓர் எல்லையைத் தாண்டும் அணி, பல ஆட்டக்காரர்களின் ஊதியத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ள முடியாது. பணத்தால் தீர்க்க முடியாத தண்டனை இது. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் வென்றன. அவற்றில் பாதிக்குமேல் இவ்விதிக்கு முந்தியவை என்பதால் பெருமை முழுவதையும் இதற்குக் கொடுக்க முடியாது. இதன் பிடி தெரிவது வேறிடத்தில்: 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன், அடுத்த ஆண்டே ஜ்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸையும் பிற அணிகளுக்கு அனுப்பி அந்த எல்லைக்குக் கீழே இறங்கியது.