முதலில் பார்வையாளர், பிறகு நடிகர்: ஹெக்கோடு நீனாசத்தின் கதை

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், சாகர் நகரை ஒட்டி இருக்கிறது ஹெக்கோடு. மலைநாட்டின் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சின்ன ஊர். 1949இல் இவ்வூர்க்காரர்கள் சிலர் கூடி ஒரு நாடக மன்றம் தொடங்கினார்கள். ஊர்த் தெய்வத்தின் பெயரைச் சூட்டி ‘நீலகண்டேஸ்வர நாட்ய சேவா சங்கம்’ என்றார்கள். அதன் முதலெழுத்துகள் சேர்ந்து ‘நீனாசம்’ ஆனது.

அந்த நாளில் நம் பக்கத்திலும் இப்படி மன்றம் தொடங்காத ஊர் குறைவு. பொங்கலுக்கு ஒன்று, கோயில் கொடைக்கு ஒன்று என்று நாடகம் போடுவார்கள். ராஜபார்ட் போட்டவருக்கு வெளியூரில் வேலை கிடைக்கும், செயலாளருக்குக் கல்யாணம் ஆகும், கணக்கில் ஒரு மனஸ்தாபம் வரும். மன்றத்தின் பெயர்ப்பலகை மட்டும் சில காலம் தொங்கிக்கொண்டிருக்கும். ஹெக்கோட்டு மன்றம் அப்படிப் போகவில்லை. எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் அது நடக்கிறது. அது எப்படி முடிந்தது என்பதை, சிற்றூர்களில் நாடகமும் இசையும் வளர்க்க நினைக்கும் நம்மவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும்.

மன்றத்தை வளர்த்தெடுத்தவர் கே.வி. சுப்பண்ணா. 1932இல் பிறந்தவர், பாக்கு விவசாயக் குடும்பம். மைசூரில் படித்தார். படித்தவர்கள் பெரும்பாலும் செய்வதைப் போல நகரத்தில் தங்கிவிடாமல் ஊர் திரும்பினார். தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார், நாடகத்தையும் பார்த்துக்கொண்டார். 1957இல் ‘அட்சர பிரகாசன’ என்ற பதிப்பகத்தை அங்கேயே தொடங்கினார். கன்னடத்தின் முக்கியமான இலக்கிய நூல்கள் பல இந்தக் கிராமத்து முகவரியோடு வெளிவந்தன. 1972இல் நிலையான அரங்கம் எழுந்தது. எழுத்தாளர் சிவராம காரந்தின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அரங்கம் கட்டியாயிற்று என்றால் அடுத்து நடிகர்களைப் பயிற்றுவிக்கப் பள்ளி தொடங்குவதுதான் எவருக்கும் தோன்றும். நீனாசம் அதற்கு முன்பு எட்டு ஆண்டுகள் வேறொரு வேலையில் கவனம் வைத்தது. 1973இல் ‘சித்ர சமாஜ’ என்ற திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சத்யஜித் ராய், அகிரா குரோசாவா, டி சிகா ஆகியோரின் படங்கள் ஹெக்கோட்டுக்கு வந்தன. பார்த்தவர்களில் தோட்டக்காரர்கள் இருந்தார்கள், பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள், வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். வங்காளியும் ஜப்பானிய மொழியும் இத்தாலியமும் அவர்களுக்குத் தெரியாது. அதனால் படம் புரியாமல் போய்விடவில்லை. 1970களின் இறுதியில் திரைப்பட ரசனை வகுப்புகளும் தொடங்கின. புனே திரைப்படக் கல்லூரியின் பேராசிரியர் சதீஷ் பகதூர், தேசியத் திரைப்படக் காப்பகத்தை நிறுவிய பி.கே. நாயர் போன்றவர்கள் இந்த முயற்சிக்குத் துணை நின்றார்கள். நாயரைப் பற்றிய ‘செல்லுலாய்ட் மேன்’ ஆவணப்படம் 2012இல் வெளிவந்தது. அதில் ஹெக்கோட்டுக்காரர்கள் தாங்கள் பார்த்த உலகப் படங்களைப் பற்றிச் சொந்தக்காரர் வீட்டுச் சேதி போலப் பேசுகிறார்கள். கிராமத்து மக்களுக்கு இதெல்லாம் எட்டாது என்று சொல்லித் திரிபவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். மக்களுக்கு ரசனை இல்லை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம் சோம்பலை மறைக்கும் பேச்சு.

1980இல் நாடகப் பள்ளி வந்தது. தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற சிதம்பரராவ் ஜம்பே அதன் முதல்வராகப் பொறுப்பேற்றார். சேர்பவர்களில் பலர் கர்நாடகத்தின் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். நடிப்போடு ஒளியமைப்பு, ஒப்பனை, மேடைத் தச்சு எல்லாம் கற்க வேண்டும். இன்று கன்னடத் திரையில் அறியப்பட்ட அச்யுத் குமார் இங்கே பயின்றவர். ‘நீனாசம்’ என்பதைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட சதீஷும் அப்படியே.

பள்ளியில் படித்து முடித்தவர்கள் எங்கே போவார்கள்? பல நாடகப் பள்ளிகளுக்கு இதற்குப் பதில் இல்லை. நகரத்துக்குப் போய் சினிமா வாய்ப்புக்குக் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். நீனாசம் இதற்கு வழி தேடியது. 1983 முதல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு ‘ஜனஸ்பந்தன’ என்ற திட்டத்தை நடத்தினார்கள். ஊர் ஊராகப் போய் நாடகப் பயிற்சி முகாம், திரைப்பட முகாம். வெளிப் பணத்தில் நடக்கும் திட்டங்கள் பணம் நின்றதும் அறிக்கையோடு முடிந்துவிடுவது வழக்கம். இங்கே அந்தத் திட்டம் முடிந்த 1985ஆம் ஆண்டிலேயே ‘திருகாட்ட’ என்ற பயண நாடகக் குழு புறப்பட்டது.

திருகாட்ட நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் இரண்டு மூன்று நாடகங்களைத் தயார் செய்கிறார்கள். காளிதாசர் உண்டு, ஷேக்ஸ்பியர் உண்டு, பிரெக்ட் உண்டு, புதிய கன்னட நாடகமும் உண்டு. குழு மாதக்கணக்கில் கர்நாடகம் முழுக்கச் சுற்றும். மேடைப் பொருள், விளக்கு, உடை எல்லாம் வண்டியிலேயே வரும். அழைக்கும் ஊரில் ஒரு சங்கமோ கல்லூரியோ பொறுப்பேற்று இடமும் சாப்பாடும் பார்த்துக்கொள்ளும், சீட்டு விற்கும். குழு வந்து இறங்கியதும் நடிகர்களே சாமான் இறக்குவார்கள், விளக்குக் கட்டுவார்கள், மாலையில் வேடம் போடுவார்கள். நாடகம் முடிந்ததும் அவர்களே பிரித்துக் கட்டி வண்டியேற்றி அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள். கல்யாண மண்டபமோ பள்ளி மைதானமோ, எந்த இடத்திலும் பொருந்தும்படி மேடையமைப்பை முதலிலேயே திட்டமிட்டுவிடுகிறார்கள். நம் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துக் கம்பெனிகளும் இப்படித்தான் ஊர் ஊராகப் போயின. சினிமா வந்ததும் நாம் அந்தப் பாதையை விட்டுவிட்டோம். ஹெக்கோடு அதை நல்ல இலக்கியத்தோடும் ஒழுங்கான கணக்கோடும் திரும்பப் போட்டது. அழைக்கும் ஊருக்கு இதில் பங்கு இருப்பதுதான் உயிர்நாடி என்று நினைக்கிறேன். சீட்டு விற்றவர் மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவார். அடுத்த ஆண்டு அவரே முதல் ஆளாக அழைப்பார்.

பயணக் குழு வெளியே சுற்றினாலும் ஊர்க்காரர்களின் மேடை ஓயவில்லை. விவசாயியும் ஆசிரியரும் கடைக்காரரும் வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்த்து நடிக்கும் உள்ளூர்க் குழு தொடர்ந்தது. முறையான பயிற்சி பெற்றவர்கள் வந்ததும் ஊர்க்காரர்கள் பார்வையாளர் வரிசைக்குத் தள்ளப்படுவது பல இடங்களில் நடக்கிறது. அதைத் தவிர்த்ததைப் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். உத்தர கன்னடத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களோடு சேர்ந்தும் நாடகங்கள் உருவாக்கினார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரை ஒட்டி ஒரு பண்பாட்டு முகாம் நடக்கிறது. பகலில் சொற்பொழிவும் விவாதமும், இரவில் நாடகம். மாணவர், ஆசிரியர், இல்லத்தரசி, எழுத்தாளர் என்று பலரும் வருகிறார்கள். அருகிலுள்ள தீர்த்தஹள்ளிப் பகுதியில் பிறந்த யு.ஆர். அனந்தமூர்த்தி நெடுங்காலம் இதில் பங்கேற்றார். முந்தைய இரவு பார்த்த நாடகத்தை மறுநாள் காலையில் பார்வையாளர்கள் கூடி அலசுவார்கள், இயக்குநர் எதிரில் இருக்கும்போதே.

1991இல் சுப்பண்ணாவுக்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது. பழைய கன்னட நூலான கவிராஜமார்க்கத்தை ஆராய்ந்து அவர் எழுதிய நூலுக்கு 2003இல் சாகித்ய அகாடமி விருது. 2005இல் காலமானார். நிறுவனர் போனதும் நிறுவனமும் தளர்ந்துவிடும் என்ற அச்சம் இங்கே பலிக்கவில்லை. அவருடைய மகனும் நாடக ஆசிரியருமான கே.வி. அட்சர பொறுப்பைத் தொடர்ந்தார். பள்ளியும் பயணக் குழுவும் முகாமும் அவரவர் கையில் பிரிந்து நடக்கும்படி முன்பே அமைந்திருந்ததே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் மன்றச் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்குவதற்கு முன், பார்வையாளருக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். மாதம் ஒரு நல்ல படம், ஒரு வாசிப்பு, நாடகம் முடிந்த மறுநாள் ஒரு கூட்டம். இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. முதல் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தாலும் நடத்துங்கள்.