நாள்காட்டி வந்தது, பணிப்பட்டியல் நின்றது: மின்னஞ்சல் செயலிக்கும் சேவையகத்துக்கும் இடையிலான இணைப்பின் வரலாறு

மேசைக்கணினியின் மின்னஞ்சல் செயலியிலேயே அலுவலகத்தின் பொது நாள்காட்டியைத் திறந்து பார்க்க, தொண்ணூறுகளின் இறுதியில் இரு முனையிலும் ஒரே நிறுவனத்தின் மென்பொருள் இருந்தாக வேண்டும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் செயலி எக்ஸ்சேஞ்ச் சேவையகத்தோடு பேசும். லோட்டஸின் நோட்ஸ் டோமினோ சேவையகத்தோடு பேசும். பிற செயலிகளுக்கு இடமில்லை. இந்த நிலை மாறியதற்குப் பொது வடிவத்தைக் காரணம் சொல்வது வழக்கம். வடிவம் மட்டும் போதவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வடிவம் 1998 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஐகேலண்டர் எனப்படும் அந்த வடிவத்தின் ஆவணமான ஆர்.எஃப்.சி. 2445-ஐ எழுதியவர்கள் லோட்டஸின் ஃபிராங்க் டாசனும் மைக்ரோசாஃப்டின் டெரிக் ஸ்டெனர்சனும்; சந்தையில் முட்டிக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்கள்! கூட்ட அழைப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப அது உதவியது. ஆனால் ஒரே நாள்காட்டியை இருவர் சேர்ந்து திருத்துவது எப்படி என்று அது சொல்லவில்லை. அதற்கென்றே புதிதாக வகுக்கப்பட்ட 'கேப்' நெறிமுறை பல ஆண்டுகள் இழுபட்டு, 2005 டிசம்பரில் வெறும் சோதனை நிலை ஆவணமாக வெளியானது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

லினக்ஸ் உலகம் அதுவரை காத்திருக்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் 2000-இன் இணைய அஞ்சல் பக்கம் வெப்டாவ் என்ற நெறிமுறையைப் பயன்படுத்தியது. லினக்ஸின் எவல்யூஷன் மின்னஞ்சல் செயலிக்காக ஜிமியன் நிறுவனம் விற்ற 'கனெக்டர்' அதே வழியாக உள்ளே போய் நாள்காட்டியையும் பணிகளையும் எடுத்துவந்தது. 2003-இல் ஜிமியனை வாங்கிய நோவெல், மறு ஆண்டே அதைக் கட்டற்ற மென்பொருளாக்கியது. கெட்டிக்காரத்தனமான வேலைதான், ஆனால் அடுத்தவர் நிலத்தில் எழுப்பிய வீடு. எக்ஸ்சேஞ்ச் 2010 வெப்டாவைக் கைவிட்டதும் கனெக்டருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அதே வெப்டாவ் மீதுதான் கால்டாவ் என்ற நாள்காட்டி நெறிமுறையும் எழுந்தது. 2003-இல் லிசா டுசோ முன்வைத்த யோசனை, சைரஸ் டாபூ, பெர்னார்ட் டெரூசோ ஆகியோரின் கூட்டுழைப்பில் 2007 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 4791 ஆனது. அதன் வலிமை எளிமையில் இருக்கிறது. நாள்காட்டி ஓர் அடைவு. ஒவ்வொரு நிகழ்வும் அதில் ஒரு கோப்பு. கோப்பு மாறும்போதெல்லாம் 'ஈடேக்' என்னும் அடையாளக் குறியும் மாறும். கூட்டத்தை மூன்று மணியிலிருந்து நான்குக்குத் தள்ளும் செயலி, தான் கடைசியாகக் கண்ட குறியையும் சேர்த்தே திருத்தத்தை அனுப்பும். இடையில் வேறொருவர் கைவைத்திருந்தால் சேவையகம் 412 என்று மறுத்துவிடும். ஒருவர் திருத்தத்தை மற்றவர் அறியாமல் அழிக்க வழியில்லை. எந்த நிறுவனத்தின் உள்ளமைப்பையும் சாராததால் கால்டாவ் நிலைத்தது. ஆப்பிள் 2007 அக்டோபரில் லெப்பர்ட் சேவையகத்தோடு இதை வழங்கியது. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியின் லைட்னிங் நாள்காட்டி நீட்சியும் இதைக் கற்றுக்கொண்டு, 2015-இல் 38-ஆம் பதிப்போடு சேர்ந்தே வந்தது. 2020-இல் 78-ஆம் பதிப்பில் செயலியின் உட்பகுதியாகிவிட்டது.

பணிகளின் கதை வேறு. நிகழ்வுக்கு 'விஈவென்ட்', பணிக்கு 'விடூடூ' என இரண்டும் 1998-இன் அதே ஆவணத்தில் பிறந்தவை. நிகழ்வுக்குத் தொடக்க நேரம் உண்டு. பணிக்கு அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தொடக்கமும் கெடுவும் இல்லாத பணி, முடியும்வரை ஒவ்வொரு நாளுக்கும் உரியது என்கிறது ஐகேலண்டர். ஆகவே "இந்த வாரத்துப் பணிகள் எவை?" என்ற சாதாரணக் கேள்விக்கு விடை காண, கால்டாவ் ஆவணம் எட்டு வரிசை கொண்ட அட்டவணையை வகுக்க வேண்டியிருந்தது.

பணிப்பட்டியல் பின்தங்கியதற்கு இந்தச் சிக்கலை மட்டும் பழிசொல்வது சரியாகாது. நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கட்டற்ற சேவையகங்கள் விடூடூவை ஒழுங்காகவே கையாள்கின்றன. கூகுள் நாள்காட்டியின் கால்டாவ் இடைமுகமோ அதை ஏற்பதில்லை. பணிகளுக்குத் தனி இடைமுகம் வைத்திருக்கிறது. ஆப்பிளும் 2019-இல் ஐகிளவுட் நினைவூட்டல்களைப் புதுப்பித்தபோது அவற்றைக் கால்டாவிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டது. கூட்டத்துக்கு வெளியாரை அழைத்தாக வேண்டும் என்பதால் நாள்காட்டியைத் திறந்துவைக்க வேண்டிய நெருக்கடி இருந்தது. பணிப்பட்டியலுக்கு அப்படியொரு நெருக்கடி எழவில்லை.