கொள்கைக்கு ஒரு லீவ் லெட்டர்

தா.பழூரிலிருந்து கும்பகோணத்துக்கு பஸ் ஏறினால் மதனத்தூர் தாண்டியதும் கொள்ளிடம் வந்துவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நீலத்தநல்லூர், தஞ்சாவூர் மாவட்டம். கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நானும் என் நண்பனும் அந்தப் பாலத்தை ஒன்றாகத்தான் கடந்தோம். எங்கள் இருவர் வீட்டிலும் எங்களுக்கு முன்னால் கல்லூரிக்குப் போனவர்கள் யாரும் கிடையாது.

முதல் வருடம் அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் நான்கு நாள் வரவில்லை. திரும்பி வந்ததும் முதல்வருக்கு ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதினான். 'பிரின்சிபல்' என்ற சொல்லின் கடைசியில் 'பி-ஏ-எல்' வர வேண்டிய இடத்தில் 'பி-எல்-இ' போட்டுவிட்டான். ஆசிரியர் அந்தத் தாளை வகுப்பில் தூக்கிப் பிடித்து, "யாருப்பா கொள்கைக்கு லீவ் லெட்டர் எழுதினது?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே. அந்த வித்தியாசம் எனக்கே போன வாரம்தான் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காதே.

அதற்குப் பிறகு அவன் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரிகூடப் பேசவில்லை. கடைசி வருடம் இன்டர்வியூக்களுக்குக் கூப்பிட்டபோதும், "நீ போயிட்டு வாடா" என்று சொல்லிவிட்டான்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பல வருடம் கழித்துத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் அந்த இரண்டு சொற்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். முதலிடத்தில் இருப்பதைக் குறிக்கும் 'பிரின்செப்ஸ்' என்ற லத்தீன் சொல். அதிலிருந்து தலைமை ஒரு பக்கமும் அடிப்படை இன்னொரு பக்கமும் பிரிந்து போயின. எழுதுபொருளைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யும் அசையாமல் நிற்பதைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யும் இப்படித்தான். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றாமல், பல்கலைக்கழகத்துப் பக்கத்தில் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கு 'நிலையாக இருப்பவர்' என்று பெயர். அவர் விற்ற சரக்குக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

'அதனுடைய' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்' இன்னும் வேடிக்கை. அதில் மேற்குறி போடக்கூடாது என்று நமக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் குறி போட்டு எழுதுவது சாதாரணம். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூலப்படியில், முதல் பிரிவிலேயே, அந்தக் குறி இருக்கிறது. எண்ணக்கூடியதற்கு 'ஃபியூவர்', எண்ண முடியாததற்கு 'லெஸ்' என்ற விதியும் 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் 'எனக்கு இப்படி இருந்தால் நன்றாகப் படுகிறது' என்ற அளவில் சொன்னதுதான். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

அவர்களுக்கே இவ்வளவு குழப்பம் இருந்த சொற்கள் கொள்ளிடக் கரையில் எப்படி மானப் பிரச்சினை ஆயின? 1835இல் கம்பெனி அரசு கல்விக்கான பணத்தை ஆங்கிலப் படிப்பின் பக்கம் திருப்பியது. 1844இல் ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் அறிவித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. ஆக, ஆங்கிலம் இங்கே வரும்போதே பரீட்சையாகவும் சம்பளமாகவும்தான் வந்தது. தப்பாக எழுதியவருக்கு மார்க் மட்டும் போகவில்லை.

கும்பகோணம் அரசுக் கல்லூரியின் கதையிலேயே இதைப் பார்க்கலாம். 1854இல் பள்ளியாகத் தொடங்கி, பிறகு கல்லூரியாகி, 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெயர் வாங்கிய இடம். (நான் படித்தது வேறு கல்லூரி.) 1904இல் ராமானுஜன் அங்கே உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் அவர் கவனிக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. அடுத்த வருடம் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. கடைசிவரை அவர் இங்கே ஒரு பட்டத் தேர்வு எழுதித் தேறவில்லை.

அதே கல்லூரியில் இன்னொரு கதையும் இருக்கிறது. 1880இல் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தவர் உ.வே.சாமிநாதையர். சின்ன வயதில் எங்கள் அரியலூர்ப் பக்கம் படித்தவர். அதே வருடம் அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு முன்சீபாக மாறி வந்தார் சேலம் ராமசாமி முதலியார். "சிந்தாமணி படித்ததுண்டா?" என்று அவர் கேட்ட கேள்விதான் உ.வே.சா.வைச் சுவடிகளுக்குள் தள்ளியது.

சுவடியில் பொதுவாகப் புள்ளி இருக்காது. 'கொடு'வும் 'கோடு'வும் ஒரே மாதிரி இருக்கும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல நிற்கும். அதற்கு மேல், எழுதியவர் கை தவறிச் செய்த பிழைகள் வேறு. உ.வே.சா. பல பிரதிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, சரியென்று பட்டதை மேலே போட்டு, மற்றதை அடிக்குறிப்பில் பிரதிபேதமாகக் கொடுத்தார். 1887இல் 'சீவக சிந்தாமணி' அச்சாகி வந்தது. எப்போதோ யாரோ எழுதிய ஏட்டை அவர் கேலி செய்திருந்தால் நமக்கு ஒரு காப்பியமும் மிஞ்சியிருக்காது.

எங்கள் மாவட்டத்திலேயே, திருமானூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னவர். இத்தாலிக்காரர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் குழம்புவதைப் பார்த்து, எழுத்தின் வடிவத்தையே மாற்றிய பெருமை அவருக்குத்தான் சேர்கிறது. படிப்பவன் குழம்பினால் எழுத்தைச் சரிசெய் என்பது அவர் எடுத்த வழி.

உ.வே.சா. அங்கே பாடம் நடத்திய காலத்தில் அதே கல்லூரியில் படித்தவர் வலங்கைமான் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. அவர் ஆங்கிலத்துக்காக 'வெள்ளி நாக்கு' என்றே அழைக்கப்பட்டவர். காந்தியின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பின் இரண்டாம் பதிப்பு 1940இல் வந்தபோது, மொழியை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தது அவர்தான். ஆனால் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் திருத்தினார், பெயரை வெளியிடக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை என்று மட்டும் முன்னுரையில் மகாதேவ் தேசாய் குறிப்பிடுகிறார். அரசியலில் காந்தியோடு பலமுறை முரண்பட்டவர் சாஸ்திரி. காந்தியின் புத்தகத்திலேயே தப்புக் கண்டுபிடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதையெல்லாம் படித்ததும் எழுத்துப்பிழை ஒன்றுமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டாவில், பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து மாறினால் அலையப்போவது நாம்தான். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வெளியாகி, ஒரே சண்டையாகி, அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. எங்கள் ஊரும் ஆங்கிலத்தில் 'டி.பாலூர்' என்றுதான் நிற்கிறது. ழகரம் போன இடம் தெரியவில்லை. அதைத் தூக்கிப் பிடித்து எந்த வகுப்பிலும் யாரும் சிரித்ததில்லை. எந்தப் பிழைக்குச் சிரிக்கலாம், எதற்குக் கூடாது என்பதை நாமே எங்கிருந்தோ கற்று வைத்திருக்கிறோம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தான். "மாப்ள, இத ஒரு தடவ பாரு" என்று நீட்டினான். ஆங்கிலம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடிதம் முழுக்க 'பிரின்சிபல்' என்ற சொல்லே இல்லை. எல்லா இடத்திலும் 'தி ஹெட்' என்று எழுதியிருந்தான். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டுதான் போகிறான்.

நான் அன்றைக்குச் சிரித்ததைப் பற்றி ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"வாத்தியார் சொன்னது எனக்குப் பெருசா இல்லடா. திரும்பிப் பாத்தேன், நீயும் சிரிச்சிட்டிருந்த."

பதில் சொல்லத் தெரியவில்லை. பேனா கேட்டேன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம்.